மாக்ஸ் பீர்போம்: பிறர் நடையில் எழுதிப் பெயர் பெற்றவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மாக்ஸ் பீர்போம்?

1872 ஆகஸ்ட் 24 அன்று லண்டனில் பிறந்த ஆங்கில எழுத்தாளர். கட்டுரையாளர், நாடக விமர்சகர், கேலிச்சித்திரக்காரர். எழுதியது ஒரே ஒரு நாவல். இதையெல்லாம்விட, ஆங்கில இலக்கியத்தில் பகடி என்றதுமே முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. 1956 மே 20 அன்று, 83 வயதில், இத்தாலியின் ரப்பாலோ என்ற கடற்கரை ஊரில் இறந்தார். அஸ்தியை லண்டனுக்குக் கொண்டுவந்து செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில் வைத்தார்கள். பகடி எழுதியவருக்கு ஒரு நாடு இவ்வளவு மரியாதை செய்தது எனக்கு இன்றும் மனநிறைவு தரும் செய்தி.

அப்பா தானிய வியாபாரி, பால்டிக் கரையிலிருந்து லண்டன் வந்து குடியேறியவர். அண்ணன் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ (அப்பாவின் முதல் தாரத்து மகன்) அந்தக் காலத்து லண்டன் நாடக மேடையின் பெரும் நடிகர். அண்ணனால்தான் மாக்ஸுக்குச் சின்ன வயதிலேயே நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் பழக்கமானார்கள். ஆஸ்கர் வைல்ட் அதில் ஒருவர்.

பகடி என்றால் என்ன? நையாண்டியும் அதுவும் ஒன்றுதானா?

இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதில் எள்ளலுக்குத்தான் முதலிடம். நையாண்டி, பகடி இரண்டுமே எள்ளலின் பிள்ளைகள்.

நையாண்டி எழுதுகிறவர் தன் குரலில் பேசி எதிராளியைக் குத்துவார். பகடிக்காரர் தன் குரலை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு, இன்னொருவரின் நடைக்குள் போய் உட்கார்ந்து அவராகவே எழுதுவார். அந்த எழுத்தாளர் எந்த இடத்தில் மூச்சு விடுவார், எந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வார், எதைப் பெரிய விஷயமாக நினைப்பார் என்பதெல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தால்தான் இது கைகூடும். அதனால் நல்ல பகடியை நான் முதலில் ஒரு வாசிப்பாகத்தான் பார்க்கிறேன். பத்துப் பக்க விமர்சனக் கட்டுரை சொல்லாத ஒன்றை பீர்போமின் ஒரு பத்தி காட்டிவிடும்.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்?

சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் லத்தீன் வகுப்பில் என்று சொல்லலாம். அங்கே படித்தபோது, 1890இல், ஒரு சிறு வெளியீடு அச்சிட்டார். பள்ளியின் இசை ஆசிரியர் பெக்கரைப் பற்றிய சில வரி லத்தீன் கவிதை அது. கவிதையைச் சுற்றி முன்னுரை, பாடபேதம், அடிக்குறிப்பு, விளக்கவுரை எல்லாம் சேர்த்து, ஏதோ பழம்பெரும் ரோமானியக் கவிதையைப் பண்டிதர் ஒருவர் பதிப்பித்திருப்பதுபோலச் செய்துவிட்டார். மூலம் கையளவு, உரை கடலளவு. உரை, உரைக்கு உரை என்று பழகிய நமக்கு இதன் சுவையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அப்போது அவருக்கு வயது 18கூட முடியவில்லை.

அப்புறம் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி. 1894இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். அதே ஆண்டு ‘தி யெல்லோ புக்’ இதழின் முதல் வெளியீட்டில் ஒப்பனைக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை ஒன்றை எழுதி, ஒரே நாளில் ஊர் பேசும் ஆளானார். 1896இல், 23 வயதில், முதல் கட்டுரைத் தொகுப்பு வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘மாக்ஸ் பீர்போமின் படைப்புகள்’. வாழ்நாள் முழுக்க எழுதி முடித்த பெரிய எழுத்தாளர்களுக்குப் போடும் தலைப்பு அது. தலைப்பிலேயே பகடி.

1898இல் ‘சாட்டர்டே ரிவ்யூ’ பத்திரிகையின் நாடக விமர்சகர் வேலையை பெர்னார்ட் ஷா விட்டுப்போனபோது, அந்த நாற்காலிக்கு மாக்ஸ் வந்தார். விடைபெறும் கட்டுரையில் ஷா அவரை ‘ஒப்பற்ற மாக்ஸ்’ என்று எழுதினார். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. மாக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. நான் ஒப்பற்றவன் இல்லை, என்னை மற்ற கட்டுரையாளர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் கேட்டுக்கொண்டார். 1910 வரை வாரா வாரம் நாடகம் பார்த்து எழுதினார். பிறர் குரலைக் கூர்ந்து கேட்க அது நல்ல பயிற்சியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவருடைய முக்கியமான பகடி நூல் எது?

1912இல் வந்த ‘எ கிறிஸ்துமஸ் கார்லண்ட்’. கார்லண்ட் என்றால் பூமாலை. அதனால்தான் நூலின் முகப்பில் ‘எழுதியவர்’ என்று போடாமல் ‘தொடுத்தவர் மாக்ஸ் பீர்போம்’ என்று போட்டுக்கொண்டார். இந்த யோசனைக்கு விதை விழுந்தது 1896 டிசம்பரில், ‘சாட்டர்டே ரிவ்யூ’வின் கிறிஸ்துமஸ் இணைப்பில். அங்கே சில சமகால எழுத்தாளர்களின் நடையில் சின்னச் சின்னப் பகடிகள் எழுதியிருந்தார். 16 ஆண்டுகள் கழித்து வந்த நூலில் இருந்தவை முழுமையாக முதிர்ந்த 17 பகடிகள்.

ஏற்பாடு எளிமையானது. ஹென்றி ஜேம்ஸ், கிப்ளிங், வெல்ஸ், செஸ்டர்டன், ஹார்டி, ஆர்னால்ட் பென்னட், கால்ஸ்வொர்த்தி, கான்ராட், பெல்லாக், ஷா, மெரடித் என்று அன்றைய பெரிய கைகள் எல்லாரிடமும் ஒரே பொருளைக் கொடுத்துவிடுகிறார்: கிறிஸ்துமஸ். 17 பேரும் ஆளுக்கொரு வழியில் அதைத் தொடுகிறார்கள்.

இந்த ஒரே பொருள் என்ற முடிவில்தான் நூலின் பலமே இருக்கிறது. ஆளாளுக்கு வேறு வேறு விஷயம் இருந்திருந்தால் நம் கவனம் விஷயத்தின் பின்னால் ஓடியிருக்கும். எல்லாருக்கும் ஒரே பண்டிகை என்பதால், மாறுவது எழுதுகிறவரின் மனம் மட்டுமே. கிறிஸ்துமஸ் சின்னப் பிள்ளைகளின் பண்டிகையும்கூட. கனத்த நடைகளை அவ்வளவு லேசான பொருளின் மேல் வைத்ததும், நடையின் எடை எவ்வளவு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு பகடியின் தலையிலும் மூல எழுத்தாளரின் பெயர் சில எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறியோடு அச்சாகியிருக்கும். மறைப்பதற்காக அல்ல, யாரென்று யாருக்கும் தெரிந்துவிடும். இது அவர் எழுதியதல்ல, விளையாட்டு என்று சொல்லும் நேர்மையான அடையாளம் அது.

ஹென்றி ஜேம்ஸ் பகடியை ஏன் எல்லாரும் உச்சம் என்கிறார்கள்?

கதையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மூச்சில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் விடியற்காலை. கீத் என்ற சிறுவனும் அவன் தங்கை ஈவாவும் படுக்கையில் விழித்துக் கிடக்கிறார்கள். கால்மாட்டில் காலுறைகள் தொங்குகின்றன, உள்ளே பரிசு இருக்கலாம். எட்டிப் பார்க்கலாமா, வேண்டாமா? கடைசிவரை தொடவே இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலுறையைத் தொடுவதா இல்லையா என்பது ஜேம்ஸின் பிற்கால நாவல்களில் ஒரு திருமணமோ ஒரு துரோகமோ பெறும் அத்தனை ஆலோசனையையும் பெறுகிறது. முதல் வாக்கியத்திலேயே ‘ஓர்’ என்று தொடங்கி, உடனே ‘அவனைப் பொறுத்தவரை’ என்று இடையில் ஒன்றைச் செருகி, பிறகுதான் ‘மறக்க முடியாத ஏதோ ஒன்று’ என்று முடிக்கிறார். அது என்ன ஒன்று? சொல்லவே மாட்டார். ஜேம்ஸின் பழக்கம் முழுவதும் அந்தச் செருகலில் இருக்கிறது: எதையும் நேராகப் பெயர் சொல்லித் தொடாமல் சுற்றிச் சுற்றி வருவது, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அது சரிதானா என்று தயங்குவது, இரண்டு பேர் பேசும்போது ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் எடுத்து உருட்டிப் பார்ப்பது.

ஜேம்ஸின் நீளத்தை மட்டும் கேலி செய்ய யாராலும் முடியும், பலர் செய்தும் இருக்கிறார்கள். பீர்போம் அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் உள்ள ஒழுக்கத்தையும் பிடித்தார். ஆசைப்பட்டதை எடுத்துக்கொள்ளாமல் விடுவதில் ஒரு மேன்மை இருப்பதாக ஜேம்ஸின் பாத்திரங்கள் நினைப்பார்கள். பிள்ளைகள் காலுறையைத் தொடாமல் விடுவது அதே மேன்மைதான். சிரித்து முடித்த பிறகு அந்தப் பிள்ளைகள் மேல் நமக்கு ஒரு பிரியம் வருகிறதே, அதனால்தான்.

மற்றவர்களை எப்படிப் பிடித்தார்?

எல்லாரையும் சொல்ல இடம் போதாது, எனக்குப் பிடித்த சிலரை மட்டும் சொல்கிறேன்.

எச்.ஜி. வெல்ஸ் வருங்கால உலகைத் திட்டமிட்டு எழுதுகிறவர். அவர் பகடியில் கிறிஸ்துமஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் அறிவுபூர்வமான ஒரு பொது விழா வைக்கிறார்கள். அந்த நாளில் மக்கள் மலர்ந்த முகத்தோடு நகராட்சியின் உயிர்போக்கும் கூடத்துக்கு நடந்து போகிறார்கள். இதை வெல்ஸின் அதே உற்சாகமான, எல்லாம் சரியாகிவிடும் என்ற குரலில் எழுதியிருக்கிறார். 1912இல் இது வேடிக்கை. அதன் பிறகு வந்த இருபதாம் நூற்றாண்டைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

ஆர்னால்ட் பென்னட் பீங்கான் தொழில் நடக்கும் ஊர்களைப் பற்றிப் பொடிப்பொடி விவரங்களோடு எழுதியவர். அவருக்காக பீர்போம் ஒரு வட்டார வழக்கத்தையே கற்பனை செய்தார்: கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குள் உடைந்த பீங்கான் சில்லுகளைப் போட்டுச் சமைப்பது! வட்டாரச் சொல்லும் விளக்கமும் அவ்வளவு நம்பும்படி இருக்கும்.

ஷா நாடகத்தைவிட முன்னுரையை நீளமாக எழுதுவார் என்று பேர். அதனால் ஷா பகடியில் நாடகமே இல்லை, முன்னுரை மட்டும்தான். எட்மண்ட் காஸ் பெரிய மனிதர்களோடு பழகியதை நினைவுகூர்ந்து எழுதுகிறவர். அவரை வெனிஸ் நகரில் கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றுக்கு அனுப்பி, நாடகாசிரியர் இப்சனையும் கவிஞர் பிரவுனிங்கையும் அவர் கையாலேயே அறிமுகம் செய்துவைத்து, மூவரையும் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுகிறார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கான்ராட் பகடியில் காட்டுக்குள் தனியாக இருக்கும் ஒரு வெள்ளை வியாபாரி பழங்குடி மக்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்தாகிறார். கான்ராடின் இருண்ட, கனமான உரிச்சொற்களை அது அழகாகப் பிடிக்கிறது. ஆனால் அந்த மக்களை நரமாமிசம் தின்பவர்களாகக் காட்டும் பழைய பார்வையைத் தாண்டவில்லை. அந்த இடத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை.

கிப்ளிங்கை அவர் வெறுத்தாரா?

ஆம், வெறுத்தார் என்றே சொல்லலாம். மேதை என்று ஒப்புக்கொண்டுதான் வெறுத்தார். அதிகாரத்தையும் முரட்டுத்தனத்தையும் கொண்டாடும் கிப்ளிங்கின் குரல் அவருக்கு ஒத்துவரவில்லை. கேலிச்சித்திரங்களிலும் திரும்பத் திரும்ப அவரையே பிடித்தார்.

பகடியில் கதைசொல்லி இரவு ரோந்து போகும் போலீஸ்காரர் ஒருவருடன் நடக்கிறார். கூரைப் புகைபோக்கியிலிருந்து சான்டா கிளாஸ் வெளியே வருகிறார். போலீஸ்காரர் திருடன் என்று பிடிக்கிறார். கதைசொல்லிக்குப் பரவசம் தாங்கவில்லை. அந்தத் தாத்தாவைக் குப்புறத் தூக்கி இழுத்துப் போகச் சொல்லித் துள்ளிக் குதித்துக் கத்துகிறார்.

ஜேம்ஸ் பகடியில் இருக்கும் வாஞ்சை இதில் துளியும் இல்லை. பகடி என்றாலே அன்பின் வெளிப்பாடு என்று சிலர் சொல்வதை நான் ஏற்காததற்கு இந்தக் கதைதான் காரணம். அன்பு இல்லாமலும் நல்ல பகடி எழுதலாம். கூர்ந்து படிக்காமல்தான் எழுத முடியாது. கிப்ளிங்கை ஒரு வரி விடாமல் படித்தவர் எழுதியது இது என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிகிறது.

பகடிக்கு ஆளானவர்கள் கோபித்துக்கொள்ளவில்லையா?

ஜேம்ஸ் மகிழ்ந்துபோனார் என்று காஸ் மாக்ஸுக்கு எழுதினார். ஒரு விருந்தில் ஜேம்ஸிடம் யாரோ அவருடைய எழுத்தைப் பற்றிக் கேட்க, அவர் மாக்ஸைக் கைகாட்டி, என் மனதின் ஆழத்தில் உள்ளதெல்லாம் அந்த இளைஞருக்குத் தெரியும், அவரையே கேளுங்கள் என்றாராம். இந்தக் கதை பலர் வாயில் புழங்கிவந்தது. கான்ராட் தன் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையிலேயே இந்தப் பகடியைக் குறிப்பிட்டு, தன் கதை அங்கே நல்ல கூட்டத்தில் இடம்பெற்றதில் பெருமகிழ்ச்சி என்று எழுதினார். எழுத்தாளராகத் தான் இருப்பதே அப்போதுதான் தனக்கு நம்பிக்கையானது என்ற பொருளில் அவர் சொல்வது, பகடி என்பது ஒருவகை அங்கீகாரமும்தான் என்று காட்டுகிறது. அடையாளம் இல்லாத நடையை யாரும் போலச் செய்ய முடியாதே.

செய்யுளிலும் பகடி எழுதியிருக்கிறாரா?

1919இல் வந்த ‘செவன் மென்’ தொகுப்பில் பிரவுன் என்ற கற்பனை நாடகாசிரியர் வருகிறார். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி சவனரோலாவைப் பற்றி ஷேக்ஸ்பியர் பாணியில் செய்யுள் நாடகம் எழுதிக்கொண்டே இருக்கிறார். பாத்திரங்கள் தாமாகவே கதையை நடத்திச் செல்லட்டும் என்று காத்திருக்கிறார். நான்கு அங்கம் முடிந்த நிலையில் சாலையில் வண்டி மோதி இறந்துபோகிறார். அந்த நான்கு அங்கங்களையும் மாக்ஸ் நமக்குத் தருகிறார். மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் நமக்குப் பெயர் தெரிந்த அத்தனை பேரும் மேடையில் வந்து போகிறார்கள். ஓவியர் ஆந்திரேயா தெல் சார்த்தோ ஒரு ஜன்னலில் ஒரு கணம் தோன்றி மறைகிறார், வசனம்கூட இல்லை. வரலாற்று நாடகம் எழுதுகிறேன் என்று பெயர்களை அடுக்குகிறவர்கள் எந்த மொழியிலும் உண்டு. அவர்கள் அவசியம் படிக்க வேண்டியது.

ஈனக் சோம்ஸ் என்ற பெயரை எங்கோ கேட்டிருக்கிறேன். அவர் உண்மையில் வாழ்ந்தவரா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி வருவதே அந்தக் கதையின் வெற்றி. அதே ‘செவன் மென்’ தொகுப்பில் உள்ள கதை அது. சோம்ஸ் 1890களின் ஒரு சுமாரான கவிஞர். யாரும் படிப்பதில்லை, ஆனால் தன் மேதைமையில் அவருக்குச் சந்தேகமே இல்லை. லண்டன் சோஹோ பகுதியின் சிறு உணவகம் ஒன்றில் சாத்தானைச் சந்தித்து, தன் ஆன்மாவையே விலையாகத் தந்து ஒரு வரம் வாங்குகிறார்: சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1997 ஜூன் 3 அன்று பிற்பகல், பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்புக் கூடத்துக்குப் போய், எதிர்காலம் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவர வேண்டும்.

போகிறார், தேடுகிறார். ஒரே ஒரு இலக்கிய வரலாற்று நூலில் அவர் பெயர் இருக்கிறது. எப்படி? மாக்ஸ் பீர்போம் என்பவர் எழுதிய கதையில் வரும் கற்பனைப் பாத்திரம் என்று!

சோம்ஸின் கவிதைகள் என்று மாக்ஸ் எழுதித் தரும் வரிகள், அந்தக் காலத்து இருண்மைக் கவிதைகளின் நேர்த்தியான பகடி. ஆனால் படிக்கப்படாமல் போவோமோ என்ற பயம் எழுதுகிற எல்லாருக்கும் உள்ளதுதான். அதனால் சோம்ஸைப் பார்த்துச் சிரிக்கும்போதே மனம் கனக்கிறது.

நிஜமான 1997 ஜூன் 3 வந்தபோது, கதையின் ரசிகர்கள் சிலர் அந்த வாசிப்புக் கூடத்தில் காத்திருந்தார்கள். கதையில் சொன்ன நேரமான இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, சோம்ஸ் போலவே தோற்றம் கொண்ட ஒருவர் வந்து, அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார். அமெரிக்க மாயாஜாலக் கலைஞர் டெல்லர் பின்னர் இந்த நிகழ்வைப் பற்றி எழுதினார்.

இத்தாலிக்கு ஏன் போனார்?

1910இல் அமெரிக்க நடிகை ஃபுளோரன்ஸ் கானை மணந்ததும், லண்டன் விருந்துகளின் சலிப்பிலிருந்து விலகி ரப்பாலோவில் ஒரு சிறு வீட்டில் குடியேறினார். நிறைய எழுதவில்லை, எழுதியதைத் திருத்தித் திருத்தி வைத்தார். 1911இல் அவருடைய ஒரே நாவலான ‘ஜூலைக்கா டாப்சன்’ வந்தது. 1935 முதல் பிபிசி வானொலியில் பேசினார். 1939இல் சர் பட்டம் கிடைத்தது. இரண்டு உலகப் போர்க் காலங்களில் மட்டும் இங்கிலாந்து திரும்பி இருந்தார்.

இவற்றைத் தமிழில் மொழிபெயர்க்க முடியுமா?

கதையைப் பெயர்க்கலாம். நடையைப் பெயர்ப்பதுதான் கஷ்டம். ஜேம்ஸ் பகடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வாசகருக்கு வினை தள்ளிப்போவதே விசித்திரம். தமிழில் வினை பொதுவாகக் கடைசியில்தான் வரும். எச்சங்களை அடுக்கிக்கொண்டு காத்திருப்பது நமக்கு இயல்பு. நேரடியாகப் பெயர்த்தால் வாக்கியம் சாதாரணமாகப் போய்விடும், சிரிப்பே வராது. மொழிபெயர்ப்பாளர் அந்தத் தயக்கத்தை வேறு இடத்தில் ஏற்ற வேண்டும்: ‘என்னவோ’, ‘ஒருவேளை’, ‘போலும்’, ஓகாரம் என்று நம் மொழியில் தயக்கம் எங்கே குடியிருக்கிறதோ அங்கே. யாராவது முயன்றால் முதல் ஆளாகப் படிப்பேன்.

எதிலிருந்து தொடங்கலாம்? மூல எழுத்தாளர்களை முதலில் படித்தாக வேண்டுமா?

ஈனக் சோம்ஸிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்படிப்பு எதுவும் வேண்டாம். அப்புறம் பிரவுனின் நாடகம். ஷேக்ஸ்பியரைப் பள்ளிப் பாடத்தில் தொட்டிருந்தாலே போதும்.

‘எ கிறிஸ்துமஸ் கார்லண்ட்’ மட்டும் வேறு மாதிரி. 17 பேரில் சிலரை இன்று ஆங்கில வாசகர்களே மறந்துவிட்டார்கள், அவர்களைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. ஜேம்ஸ், கிப்ளிங், வெல்ஸ் மூவரில் ஒருவரின் சிறுகதை ஒன்றைப் படித்துவிட்டு, அதே நாளில் அவருக்கான பகடியைப் படியுங்கள். பிறகு மூலக் கதையை இன்னொரு முறை. ‘செவன் மென்’, ‘ஜூலைக்கா டாப்சன்’, ‘எ கிறிஸ்துமஸ் கார்லண்ட்’ மூன்றுமே குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.